சபிதா ஏறிய வண்டி

சபிதாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் பங்குக் கோயிலின் கறுத்த சவ வண்டியை ஒரு மீன்லாரியின் பின்னால் வடம் போட்டு இழுத்துவந்து ஆன்ட்ரூஸின் பட்டறை முன்னால் விட்டார்கள். இழுத்து வந்தவர்களில் ஒருவன்கூட வண்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. டிரைவர் ஞானம் சாவியைக் கையில் தராமல் வாசலில் கிடந்த டயரின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றான்.

"ஏன்டே, கையில தந்தா பொள்ளுமா?" என்றார் ஆன்ட்ரூஸ்.

"வெளையாடாதிங்கண்ணே. நேத்து சாவியத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். கிளிக்குன்னு ஒரு சத்தம் உண்டா? லைட்டு உண்டா? எனக்க முதுகுக்குப் பெறத்த அவ கெடக்கா. நான் இனி இதுல ஏறமாட்டேன். சாமியார்ட்டயும் சொல்லியாச்சு."

"உனக்குப் பதிலா யாரு ஓட்டுவா?"

"பயமில்லாதவன் ஓட்டட்டு. நீங்களே ஓட்டுங்க."

கடலில் இருந்து ஆடிக் காற்று மணலை வாரிக்கொண்டு வந்து பட்டறையின் தகரத்தில் அடித்தது. கடியப்பட்டணத்துக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்னத் துறையில் ஒரு வாரமாக வள்ளம் இறங்கவில்லை. வேலையில்லாத ஆண்கள் எல்லோரும் எங்காவது கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுக்க இந்த வண்டியைப் பற்றித்தான்.

அது ஒரு பழைய டாட்ஜ் வேன். எப்போதோ இருந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போனது. அவர் எதற்கு ஓட்டினாரோ, ஊர் அதைச் சாவுக்கு மட்டும் எடுத்தது. ஆறு வோல்ட் வண்டி. இந்தக் காலத்தில் ஆறு வோல்ட் பாட்டரிக்கு எங்கே போவது? கிடைத்தாலும் நாலு அடக்கத்துக்குத் தாங்காது. இன்ஜினைச் சுற்றி எடுக்கவைக்கிற செல்ஃப் மோட்டார் முனகும். ஞானம் முன்பக்கம் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றுவான். ஒருமுறை அது திருப்பி அடித்து அவன் மணிக்கட்டு வீங்கியது. அதன்பிறகுதான் சாமியார் ஆன்ட்ரூஸை அழைத்து, பன்னிரண்டுக்கு மாற்றித் தரச் சொன்னார்.

அந்த வேலைக்கு ஆன்ட்ரூஸைத் தேடி நாகர்கோவிலில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் வருவார்கள். கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் விடுகிறவர்கள் மோட்டாரைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதும் உண்டு. "பன்னெண்ட அப்படியே குடுத்தா என்ன, சுத்தத்தானே செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில். "சுத்தும். பிராந்து பிடிச்சவன மாதிரி சுத்தும். சுத்திக்கிட்டே போய் இன்ஜின் பல்லுல முட்டும். பெறகு பல்லு கொட்டினப்போ எங்கிட்ட வராதியும்."

மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் நாலு காயில்கள் உட்கார்ந்திருக்கும். ஆறு வோல்ட்டில் அவை இரண்டிரண்டாகப் பிரிந்து கரண்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஆன்ட்ரூஸ் அந்தச் சேர்ப்புகளை வெட்டி நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைப்பார். பழைய துணிநாடாவை உரித்துப் புதுசு சுற்றி, வார்னிஷில் முக்கி, வெயிலில் காயப்போட்டு, மறுபடி முக்குவார். நாடா சுற்றுகிற வேலை அபினாவுடையது. கட்டியவன் விட்டுப்போன பிறகு பட்டறையில் சேர்ந்தவள். இப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு சுற்றின்மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த சுற்று, கடைசிவரைக்கும் ஒரே இழுப்பு. ஆன்ட்ரூஸுக்கே அந்தக் கை வராது.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் இந்த வண்டியின் மோட்டாரைக் கழற்றியபோது ஒரு போல்ட் இறுகி நின்றது. "சவம், வருகா பாரு," என்று ஆன்ட்ரூஸ் வழக்கம்போலத் திட்டினார்.

"அண்ணே, மத்த வண்டியில சொல்லும். இதுல அத சொல்லாதியும்," என்றாள் அபினா. இருவரும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

அதன்பிறகு போன அடக்கங்களுக்கெல்லாம் வண்டி தொட்ட உடனே எடுத்தது. "இப்பம் சாவதுக்கே ஒரு ஆசை வருகு," என்று சந்தி முனையில் சீட்டு விளையாடும் கிழவர்கள் சொன்னார்கள்.

அபினாவின் தங்கைதான் சபிதா. எலிக்காய்ச்சல். கணவன் ஜெனித் கத்தாரில். மாமியார் நேசபாய், சும்மா சளிக்காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அபினாவுக்கு விஷயம் தெரிந்து, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சபிதாவின் கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்றிருந்தது. ஜெனித் விமானம் ஏறும்போது அவள் உயிரோடு இருந்தாள். இறங்கும்போது இல்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி ஏறிய பிறகு வண்டியில் ஸ்பேனர் வைக்கக்கூடாது. வண்டி எடுக்காமல் நின்றால் இறந்தவளுக்கு ஏதோ மனக்குறை. அப்போது பிறந்த வீட்டார் ஒன்று கேட்கலாம். புகுந்த வீட்டார் எல்லார் முன்னாலும் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பூசையோ, கல்லறைக்கு ஒரு கல்லோதான் கேட்பார்கள். எத்தனையோ சாமியார்கள் கோயிலில் கண்டித்தும் போகாத பழக்கம்.

சபிதாவின் பெட்டி ஏறியது. வண்டி எடுக்கவில்லை. கூட்டத்தில் வெள்ளை வேட்டியோடு நின்ற ஆன்ட்ரூஸுக்குக் கை பரபரத்தது. ஆனால் பானெட்டைத் தொட முடியாது. அபினா முன்னால் வந்து, அழாமல் கேட்டாள்.

"எனக்க தங்கச்சிக்க பிள்ளைய எனக்குத் தரணும்."

நேசபாய் நடுங்கிப்போனாள். "எடுத்துட்டுப் போ. அவ போகட்டு, நீ பிள்ளைய எடுத்துட்டுப் போ," என்று அபினாவைக் கட்டிக்கொண்டு அலறினாள். ஜெனித் தலையை ஆட்டினான். ஞானம் மறுபடி சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. கடைசியில் ஆண்கள் பெட்டியை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு மணல்காற்றில் கோயிலுக்கு நடந்தார்கள். அந்தத் தோள்சுமையை யாரோ வீடியோ எடுத்து, அது அன்று சாயங்காலமே கத்தார்வரை போய்விட்டது.

ஆன்ட்ரூஸ் முதலில் மோட்டாரைத்தான் பார்த்தார். கருகிய வாடை இல்லை. பிரஷ் நன்றாக இருந்தது. லைட்டும் எரியவில்லை என்றானே, அப்படியானால் மோட்டார் இல்லை என்று நினைத்துக்கொண்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். பாட்டரியில் இருந்து சேசிஸுக்கு வரும் எர்த் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் வண்டியில் எதற்கும் கரண்ட் ஓடாது.

துருப்பிடித்து அறுந்ததாக இருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். கடற்கரை வண்டி. ஆனால் பட்டை முழுசாக இருந்தது. அதைப் பிடித்திருந்த நட்டு, வாஷரோடு, அதே போல்ட்டில் இரண்டு சுற்று ஏற்றி மாட்டப்பட்டிருந்தது.

ஓட்டத்தில் கழன்ற நட்டு தரையில் விழும். திருடன் கழற்றினால் எறிந்துவிட்டுப் போவான். கழற்றிய நட்டை அதன் போல்ட்டிலேயே மாட்டி வைப்பது இந்தப் பட்டறையின் பழக்கம். தொலைந்து தேடக்கூடாது என்று அவர் ஏற்படுத்தியது.

மணல் கண்ணில் விழுந்தது. பிறகு பட்டையை மாட்டி முறுக்கி, எழுந்துபோய்ச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே எடுத்தது. அவசரமாக அணைத்தார்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் பரிமாறிக்கொண்டே அவர் மனைவி குளோரி கேட்டாள். "என்னவாம் கோளாறு?"

"பாக்குகேன்."

"சத்தம் கேட்டுதே. ஓடிச்சே."

"ஓடிச்சு."

"பின்ன என்னத்தப் பாக்கியோ?" குளோரி கிழங்கை உடைத்து அவர் தட்டில் வைத்தாள். "இஞ்ச பாருங்க. ஞாயிற்றுக்கெழம பூசை முடிஞ்சு சாமியார் உங்கள வச்சுத்தான் கேப்பாராம். மோட்டார் கேடுன்னா பிள்ளைய குடுக்கண்டாம், வண்டி தன்னால நின்னதுன்னா குடுத்தாகணும். நேசபாய் சாமியாருக்கக் கால்ல விழுந்து கேட்டதாம். சம்மதிச்ச பெறவும் வண்டி எடுக்கல்லியே, அப்ப அவ பிள்ளைய கேட்டு நிக்கல்ல, மிசினுதான் நின்னுதுன்னு."

"அதுவும் ஒரு ஞாயந்தான்."

"என்ன ஞாயம்? உங்க மோட்டார் கேடுன்னு உங்க வாயால சொல்லப்போறியளா? திருவனந்தபுரத்துக்காரன் நாளைக்கு மோட்டாரத் தூக்கிட்டு வருவானா? செய்தது நீங்க, நல்லா செய்தா நல்லா செய்தேன்னு சொல்லணும். அவ்வளவுதான். சாள மீன் முள்ளு, பாத்துத் தின்னுங்க."

சாயங்காலம் நேசபாயே வந்தாள். கையில் பேத்தி பிரிஜா. நாலு வயது இருக்கும். தாயின் மூக்கு. நேசபாய் தலையில் முக்காடு இழுத்துப் போட்டுக்கொண்டு, போட்ட ஸ்டூலில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்ரூசு, எனக்க மக்கா, ஒரு வார்த்த சொல்லு. மோட்டாரு பழசு, போச்சுன்னு சொல்லு. உனக்கு அதுல என்ன கொறஞ்சு போகும்?"

"இருங்கக்கா. சாயா குடிக்கியளா?"

"எனக்குச் சாயா எறங்காது. இனி சந்தையில நான் மீன்கூடைய எறக்கினா ஒருத்தியாவது பக்கத்துல வருவாளா? கொன்னுட்டாளாம் நான். மருமகளக் கொன்னுட்டாளாம். சளின்னுதான் நெனச்சேன். சத்தியமா சளின்னுதான் நெனச்சேன். அவளுக்குத் தும்மினாலும் அக்காளுக்கு விளிக்கணும். ஒடனே அவ வந்து நின்னு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, அங்க கொண்டு போ, இங்க கொண்டு போன்னு சண்ட. அதுனாலதான் ஃபோன வாங்கி அலமாரில வச்சேன். கொல்லவா வச்சேன்?"

ஃபோன் விஷயம் ஆன்ட்ரூஸுக்கு அதுவரை தெரியாது.

அப்போது பிரிஜா ஓடி, தரையில் கிடந்த மோட்டார்க் கூட்டில் முட்டி மோதி விழுந்தாள். தோல் உரிந்து இரத்தம் எட்டிப் பார்த்தது. குழந்தை பாட்டியைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் வரவில்லை.

"பாத்தியா, அழமாட்டா," என்றாள் நேசபாய். "அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மைய கேட்டுக் கத்தினா. முறியில போட்டுக் கதவடச்சேன். இப்பம் பழகிட்டா." சொல்லிவிட்டு, முந்தானையை எச்சிலில் நனைத்து, முட்டியை மெதுவாக, மிக மெதுவாகத் துடைத்தாள். "எனக்கு இவள விட்டா யாரு மக்கா? அவன் திரும்பப் போயிருவான். நான் செவுரோடதான் பேசணும்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிராகக் குனிந்து அவள் போவதைப் பார்த்தபோது, இவளை வெறுக்க முடிந்தால் எளிதாக இருக்கும் என்று ஆன்ட்ரூஸுக்குத் தோன்றியது.

மறுநாள் அபினா வேலைக்கு வந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. வந்து, பாதியில் விட்டிருந்த பம்ப்மோட்டார் காயிலை மடியில் வைத்து நாடா சுற்றத் தொடங்கினாள். ஆன்ட்ரூஸ் எதிரே உட்கார்ந்து ஒரு பிரஷைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, அந்த நட்டத் திருப்பி மாட்டினது ஏன்?"

நாடா ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று போனது.

"கழத்துன நட்ட அதுக்க போல்ட்டுலயே மாட்டணும்னு நீங்கதானே படிப்பிச்சது," என்றாள்.

"நான் அதுக்கா படிப்பிச்சேன்?"

"எல்லாரும் உள்ள ஜெபம் சொல்லிட்டிருந்தாவ. நான் ஸ்பேனர மடியில ஒளிச்சுக் கொண்டுவந்து, செருப்பத் தேடுகது மாதிரி குனிஞ்சு வண்டிக்கு அடியில கைய விட்டேன். கழத்துன நட்ட கை தன்னால மாட்டிட்டு. நான் நெனச்சும் மாட்டல்ல."

"பிள்ளைய கேக்கதுக்கா?"

"வேற எப்பிடிக் கேக்க? எங்க போய்க் கேக்க? போலீசுல சொன்னா, காய்ச்சல்ல செத்ததுக்கு நாங்க என்ன செய்யன்னு கேப்பான். தங்கச்சி கையில ஃபோனு இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா. நான் அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன். அடுத்த மாசம் எல்லாரும் மறந்திருவாவ. கறி வைப்பாவ, சிரிப்பாவ. பிள்ள மட்டும் அந்த வீட்டுக்குள்ள." அவள் குரல் உயரவில்லை. "சம்மதம் சொன்னதும் திருப்பி மாட்டிரலாம்னு நெனச்சேன். கிழவி கெட்டிப் பிடிச்சவ விடல்ல. எனக்க தோளுல கெடந்து அழுகா. அவள உதறிட்டு வண்டிக்கு அடியில போக முடியுமா? வண்டி எடுத்திருந்தா எல்லாம் அன்னைக்கே தீர்ந்திருக்கும்."

"உனக்க தங்கச்சிய வச்சு வெளையாடினியேட்டி."

"அவளுக்குத்தான் செய்தேன்." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுவியோ சொல்லுங்க. உள்ளதச் சொன்னாலும் நான் கோவப்பட மாட்டேன். ஆனா மோட்டாரு கேடுன்னு மட்டும் சொல்லாதுங்க. அந்த நாலு காயிலும் நான் சுத்தினது."

சனிக்கிழமை பட்டறை அடைக்கிற நேரத்துக்கு ஜெனித் வந்தான். சவரம் செய்யாத முகம். கத்தார் கம்பெனி பெயர் எழுதிய பனியனையே போட்டிருந்தான். கறுத்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? பிள்ளைக்காக இல்ல. பிள்ள எங்க நின்னாலும் நான் செலவுக்குச் சக்கறம் அனுப்புவேன். எனக்காகக் கேக்குகேன். இவ மனசில்லாமத்தான் நின்னாளா?"

"மக்கா, இரும்பு வண்டிடா இது."

"அது எனக்கும் தெரியும். நானும் அங்க மெக்கானிக்குதான், ஏசி மெக்கானிக்கு. ஆனா வண்டி நின்னப்போ எனக்கு அப்பிடித்தான் தோணிச்சு. எனக்கத் தப்புக்குத்தான் நிக்காள்ன்னு. அதுக்கு முந்தின வெள்ளிக்கெழம விளிச்சேன். அம்மதான் எடுத்தா. தூங்குகா, பெறகு விளின்னா. நானும் செரின்னு வச்சுட்டுப் போய்ப் பிரியாணி தின்னேன்." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "மோட்டாரு கேடுன்னு நாளைக்கு நீங்க சொன்னா நான் ஒறங்குவேன் அண்ணே. இல்லேன்னா எனக்கு ஒறக்கம் கெடையாது."

அவன் போன பிறகு ஆன்ட்ரூஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார். எர்த் பட்டை என்று சொல்லலாம். உப்புக்காற்று அரித்தது என்று சொல்லலாம். மோட்டாருக்குப் பழி இல்லை, அபினாவின் பெயர் வராது, ஜெனித் தூங்குவான். கடற்கரையில் உப்பை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குழந்தையை அபினா அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். முடிவு செய்த பிறகு ஷட்டரை முழுசாக இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போய்க் கோயில் முற்றத்தில் நிறுத்தினார். வழியில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பூசை முடிந்து கூட்டம் கலையாமல் வெயிலிலேயே நின்றது. பங்குச்சாமியார் இளம் வயதுக்காரர். அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்தார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது.

"இந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஊர்ல சண்ட வரக்கூடாது, அதுக்குத்தான் கேக்கிறேன். ஆன்ட்ரூஸ், நீங்க பாத்தீங்க. என்ன கோளாறு?"

ஆன்ட்ரூஸ் வாயைத் திறந்தார். உப்பு என்ற சொல் நாக்கின்மேல் இருந்தது.

"நல்லா கேளுங்க சாமி," என்று நேசபாய் கூட்டத்தைப் பார்த்துக் குரல் எழுப்பினாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்தபடி நின்றிருந்தது. "உள்ளதச் சொல்லட்டு. ஆனா ஒண்ணு. கோளாறு மிசினுலதான்னா இன்னையோட தீர்ந்துது. இனி ஒருத்தியும் பிள்ளைய பாக்கணும்னு எனக்க முற்றத்துல கால் வைக்கப்பிடாது. கண்ணால பாக்கப்பிடாது. சொல்லிட்டேன்."

அபினா கொடிமரத்தின் பக்கம் நின்றிருந்தாள். அசையவில்லை. ஜெனித் ஆன்ட்ரூஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டார்ல கோளாறு இல்ல சாமி," என்றார் ஆன்ட்ரூஸ்.

"பின்ன ஏன் அன்னைக்கு எடுக்கல?"

"தெரியல்ல."

அவர் இருபத்தைந்து வருடத் தொழிலில் இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. "பொய்யி," என்று நேசபாய் கத்தினாள். "தள்ளிவிட்டு எடுத்துக் கொண்டுவந்ததா இருக்கும். இப்பம் சாவியத் திருப்பி எடுத்துக் காட்டட்டு. எல்லாரும் பாக்கட்டு."

ஆன்ட்ரூஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மோட்டார் ஒரே சுற்றுச் சுற்றியது. இன்ஜின் எடுத்துக்கொண்டது.

அதைக் கேட்டு முழங்காலில் விழுந்தவர்களும் உண்டு. சேலையில் இருந்து குழந்தையின் விரல்களை நேசபாயே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்துவிட்டு, போ என்றுகூடச் சொல்ல முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். அபினா வந்து குழந்தையைத் தூக்கினாள். யாரையும் பார்க்காமல், வண்டியையும் பார்க்காமல், வடக்கே நடந்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாகப் பாட்டியைப் பார்த்துக்கொண்டே போனது.

ஆன்ட்ரூஸ் அணைப்பதற்காகச் சாவியில் கைவைத்தார். அப்போதுதான் ஜெனித் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் பானெட்டின் மேல் வைத்திருந்தான். இரும்பு நடுங்கியதில் அவன் முழங்கைவரை நடுங்கியது. குனிந்து, நெற்றியையும் அதன்மேல் சாய்த்தான்.

"சபி," என்றான். "பிள்ள போயிட்டாட்டி. உனக்க அக்காட்ட போயிட்டா. இனி எங்கிட்ட பெணக்கம் இல்லியே? கேக்கியா, சபி?"

ஆன்ட்ரூஸ் கதவைத் திறந்து இறங்கி அவனிடம் சொல்லிவிடலாம். ஒரு பட்டை, ஒரு நட்டு, அவ்வளவுதான் மக்கா. சொன்னால் அந்தக் குழந்தை சந்தி முனை தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிடும். அபினாவின் சேலை நுனி இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. இன்ஜின் வேகம் குறைந்து ஒருமுறை திக்கியது. ஜெனித் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினான். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான்.

"அண்ணே, நிறுத்தாதுங்க. அவ கேட்டுட்டிருக்கா."

ஆன்ட்ரூஸ் ஆக்சிலரேட்டரில் காலை வைத்து மெதுவாக அழுத்திப் பிடித்தார். சாமியார் கோயிலுக்குள் போய்விட்டார், கூட்டம் கலைந்தது, வெயில் ஏறியது. அவர் காலை எடுக்கவில்லை.